லயத்துக்கும் லைன் வேண்டும்!



"லைன் இல்லண்ணே!"

வட சிலாங்கூர்த் தோட்டங்களில், உள்ளே தள்ளியிருக்கிற டிவிஷன்களுக்கு மோட்டாரை ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் என் காதில் முதலில் விழுகிற பேச்சு இதுதான். பத்தாங் பெர்ஜுந்தை என்று இன்னும் நாம் சொல்கிற பெஸ்தாரி ஜெயா பக்கமாகட்டும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கமாகட்டும், மேலே சபாக் பெர்ணம் எல்லை வரை போனாலும் சரி, கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்கும் ஓர் ஆளையாவது பார்க்காமல் நான் வீடு திரும்பியதில்லை.

நாம் குடியிருக்கும் வீட்டு வரிசைக்கும் லைன் என்றுதான் வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். அதைத்தான் நம் பாட்டன்மார் லயம் என்றார்கள். அந்த லைனில் இருந்துகொண்டு இந்த லைனுக்காகத் தவம் கிடக்கிறோம். இந்தக் கம்பியில்லாத் தொடர்பைப் பற்றி இந்த வாரம் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று எண்ணுகிறேன். "நமக்கு எதுக்கு அண்ணே இதெல்லாம்? சம்பளத்தப் பத்திப் பேசுங்க!" என்று சிலர் சொல்லலாம். இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுதான். கடைசி வரை படித்துப் பாருங்கள்.

சாலையோரப் பள்ளிக்கூடம்

2021ஆம் ஆண்டுத் தொடக்கம். கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெரிய சாலையை விட்டு உள்ளே மூன்று மைல் போக வேண்டிய இடம்.

தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், வாய்க்கால் பாலத்துக் கட்டையில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறவள். மடியில் புத்தகம், கையில் அப்பாவின் கைப்பேசி. பக்கத்தில் பாட்டி குடை பிடித்துக்கொண்டு நின்றார். லோரிகள் போகும்போதெல்லாம் புழுதி பறந்து பிள்ளையின் முகத்தில் அடித்தது.

"என்ன பாட்டி, இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"லயத்துல லைன் இல்ல தம்பி. அவ அப்பன் பெரட்டுக்குப் போகும்போதே எங்கள மோட்டார்ல ஏத்தியாந்து இங்க விட்டுட்டுப் போயிருவான். பாடம் முடிஞ்சதும் நாங்க நடந்து போயிருவோம். படிக்கிற புள்ளைக்குப் பள்ளிக்கூடம் ரோட்டோரத்துலயா இருக்கணும்?" என்றார் அந்தத் தாய்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2020ல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், மாணவர்களில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினரிடம் கணினி, கைப்பேசி என்று எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிய வந்தது. அதே ஆண்டில் சபாவில் ஒரு மாணவி, லைன் கிடைப்பதற்காக மரத்தின் மேல் ஏறி அமர்ந்து பல்கலைக்கழகத் தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அந்தச் சபா மாணவிக்கு மரம் என்றால் நம் பிள்ளைக்குப் பாலத்துக் கட்டை. வேறு என்ன வித்தியாசம்?

பாட்டியிடம் பேசிவிட்டு நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே கிராணி கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். சுவரில் ஒரு சிறு பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆபீசுக்கு இணையம் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டனவாம்! ஆபீசுக்கும் லயத்துக்கும் இடையே ஒரு மைல்கூட இல்லை. மானேஜர் மேசை வரை வந்த லைன், தொழிலாளி வீட்டு வாசலுக்கு வர ஏன் தயங்குகிறது? அன்று எழுந்த இந்தக் கேள்விதான் இன்று இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

கம்பியில்லாமல் எப்படி வருகிறது?

கம்பியில்லாத் தொடர்பு நமக்குப் புதிதல்ல. 1946ல் ரேடியோ மலாயா தொடங்கியபோதே கம்பியில்லாமல் குரல் வந்துவிட்டது. இன்று மின்னல் எப்.எம். என்று நாம் கேட்கிற வானொலி, அந்தத் தமிழ்ப் பகுதியின் வாரிசுதான். வேலை முடிந்து வந்து வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்ட கதையை என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். ஆனால் வானொலி ஒருவழிப் பாதை. அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம். இன்றைய கம்பியில்லா இணையம் இருவழிப் பாதை. நாமும் பேசலாம், எழுதலாம், கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். இந்த ஒரு வேற்றுமைதான் உலகத்தையே மாற்றியிருக்கிறது.

இதன் பிள்ளையார் சுழி ஹவாய்த் தீவுகளில் போடப்பட்டது. கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் நிறைந்த தீவுகள் அவை. 1971ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும், தீவுக்குத் தீவு கம்பி இழுக்காமல் வானொலி அலை மூலமாகவே கணினிகளை இணைத்துக் காட்டினார்கள். பின்னர் 1997ல் இதற்கு உலகப் பொதுவான விதிமுறை வகுக்கப்பட்டது. 1999ல் வைஃபை என்ற பெயரும் வந்தது. நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிற வைஃபைக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

நம் மக்கள் பலர் எல்லாவற்றையும் லைன் என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு உண்டு. ஒன்று, தொலைபேசிக் கோபுரத்திலிருந்து நேரே கைப்பேசிக்கு வருவது. டாப்-அப் போட்டு வாங்குவது இதைத்தான். மற்றொன்று வைஃபை. கம்பி வழியாகவோ கோபுரத்திலிருந்தோ வருகிற இணையத்தை வீட்டிலுள்ள ஒரு சிறு பெட்டி வாங்கி, இருபது முப்பது மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. பொதுக் குழாயில் ஆளாளுக்குத் தண்ணீர் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அப்பா செய்தி பார்க்கலாம், பிள்ளை பாடம் படிக்கலாம், அதே நேரத்தில் அம்மா ஊரிலுள்ள அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். எல்லாம் ஒரே கட்டணத்தில்.

சரி, தோட்டத்துக்குள் மட்டும் ஏன் கிடைப்பதில்லை? கோலசிலாங்கூர் மலாவாத்தி குன்றின் மேல் 1907ல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை ஏன் குன்றின் மேல் வைத்தார்கள்? வெளிச்சம் நேர்க்கோட்டில் போகும். எதிரில் தடை இருந்தால் கடலில் வருகிற கப்பலுக்குத் தெரியாது. கைப்பேசி அலையும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். உயரத்திலிருந்து வந்தால் தூரம் போகும். நடுவில் தடை வந்தால் தளர்ந்துவிடும்.

நம் தடை எது? செம்பனை மரம்தான்! நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு நடந்தது. பேர் தென்னமரம், நட்டது செம்பனை! அன்று தொடங்கிய காடு இன்று நம்மைச் சுற்றி நிற்கிறது. பத்து மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்களின் மட்டைகளும், ஓலைகளில் இருக்கிற ஈரமும் அலையை உறிஞ்சிக்கொள்கின்றன. மழை பெய்துவிட்டால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு வீட்டுக்கு மேலே தகரக் கூரை. "மழை வந்தா லைன் ஓடிப்போயிடுதண்ணே" என்று நம் ஆட்கள் சொல்வது விளையாட்டுப் பேச்சல்ல, விஞ்ஞான உண்மை.

வீட்டுக்கு வந்தால் என்ன நன்மை?

முதல் நன்மை பிள்ளைகளின் படிப்பு. கொரோனா முடிந்துவிட்டது, பள்ளி திறந்துவிட்டது, இனி எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டுப் பாடம், ஆசிரியரின் குறிப்பு, பழைய தேர்வுத் தாள் எல்லாம் இன்று கைப்பேசி வழியாக வருகின்றன. மேற்படிப்புக்கும் அரசாங்க உதவிச் சம்பளத்துக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். கடைசி நாளன்று பட்டணத்துக்கு ஓடி, கடை பூட்டியிருந்ததால் வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

இரண்டாவது, நம் உழைப்பின் சேமிப்பு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த சேமநிதி வாரியம், நம் கணக்கை ஐ-அக்கவுன் என்ற வழியில் நாமே பார்க்க வைத்திருக்கிறது. இந்த மாதம் முதலாளி பணம் கட்டினாரா, எவ்வளவு கட்டினார் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் காசு கட்டப்படவில்லை என்பதை ஓய்வு பெறுகிற நாளில் தெரிந்துகொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்த பெரியவர்களை என் சங்க வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். மாதா மாதம் பார்க்க முடிந்திருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்குமா?

மூன்றாவது, அலைச்சல் குறையும். சம்பளம் வங்கிக்குப் போகிறது. ஏறிவிட்டதா என்று பார்க்க மட்டும் பெட்ரோல் போட்டுப் பட்டணம் போகிறோம். அரசாங்க உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க ஆள் தேடுகிறோம். எழுதிக் கொடுக்கிற கடைக்காரருக்குக் கூலி கொடுக்கிறோம். அரை நாள் வேலையும் போகிறது, கைக்காசும் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து லயத்தில் இன்று வங்காளதேசத்துத் தம்பியும், இந்தோனேசியத் தோழரும், நேப்பாளியும், தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளையும் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஆண்டுகள் கழிக்கிறவர்கள் அவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது ஒரு கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்களே, அந்த வேதனை நமக்குத் தெரியாதா? நமக்குக் கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

காசு எவ்வளவு? யார் கொடுப்பது?

குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் அரிசி, பருப்பு, மோட்டார் தவணை, பள்ளி வேன் எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டில் நான்கு கைப்பேசி இருந்தால் நான்குக்கும் டாப்-அப். தனித்தனியாகப் போடும்போது கணக்குத் தெரிவதில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள், திடுக்கிட்டுப் போவீர்கள்!

2023ல் அரசாங்கம் ஒற்றுமைத் திட்டம், அதாவது பாக்கேஜ் பெர்பாடுவான் என்ற பெயரில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 69 வெள்ளியில் வீட்டு இணையம் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த இணையம் வீட்டுக்கு வரக் கம்பி வர வேண்டுமே! கம்பி தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டால், 69 வெள்ளி கையில் இருந்தும் வாங்க முடியாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

ஜெண்டேலா என்ற தேசியத் திட்டம் 2020ல் தொடங்கியது. அதன்படி கோபுரங்கள் கட்டப்பட்டன. பழைய மூன்றாம் தலைமுறை சேவை, அதாவது 3ஜி, 2021ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டு, நான்காம் தலைமுறைக்கு வழிவிட்டது. மக்கள் கூட்டமாக இருக்கிற இடத்தில் இதனால் நன்மைதான். தோட்டம் தனியார் நிலம், வீடுகள் கொஞ்சம், மரங்கள் ஏராளம். கம்பெனிக்காரன் ஆதாயக் கணக்குப் போடும்போது நாம் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறோம். கேட்காமல் இருந்தால் கடைசிப் பக்கத்திலேயே இருப்போம்.

தேனியும் பாரியோவும் சொல்லும் பாடம்

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டுத் தேனியைக் காட்டுங்கள். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு சிக்கல் இருந்தது. கிராமத்து ஏழைகள் கண் பார்க்கப் பட்டணம் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே கிராமங்களில் சிறு கண் மையங்களைத் திறந்தார்கள். அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000க்குப் பிந்திய பத்தாண்டில் அவர்களோடு சேர்ந்து, நாம் வீட்டில் வைக்கிற அதே வகை வைஃபை கருவியைக் கொஞ்சம் மாற்றியமைத்தார்கள். உயரமான கம்பங்களில் ஆண்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி திருப்பி வைத்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்பை எடுத்துப் போனார்கள். கிராமத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவமனையிலிருந்தே டாக்டர் நோயாளியின் முகம் பார்த்துப் பேசுவார். கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம், கண்ணும் மிச்சம்!

நம் நாட்டிலேயே சரவாக் மலைக்காட்டில் பாரியோ என்ற ஊர் இருக்கிறது. கெலாபிட் மக்களின் ஊர். விமானத்தில் போவது அல்லது நாள்கணக்கில் நடப்பது என்றிருந்த காலத்தில், சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் துணையோடு துணைக்கோள் வழியாக அங்கே இணையம் வந்தது. ஊர் மக்களே கூடிப் பேசி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்து மையத்தை நடத்தினார்கள். அதனால்தான் அது நிலைத்தது. வெறுமனே பெட்டியைக் கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் தூசி பிடித்துவிடும். ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நகரும்.

அந்தப் பாலத்துக் கட்டைப் பிள்ளையின் தோட்டத்திலும் இதைத்தான் செய்தோம். பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்குப் "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். மூன்றாவது முறை பள்ளித் தலைமையாசிரியரையும் கோயில் தலைவரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனோம். ஓராண்டு பிடித்தது. ஆபீஸ் கூரையில் ஓர் ஆண்டெனா, சமூக மண்டபத்துக் கூரையில் ஓர் ஆண்டெனா. நடுவில் நின்ற இரண்டு மரங்களின் மட்டையைக் கழித்துவிட்டார்கள். ஆபீசுக்கு வந்த லைன் மண்டபத்துக்கும் வந்துவிட்டது! இன்று மாலையில் போனால் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு இன்னும் வரவில்லை. அந்தப் போராட்டம் பாக்கி இருக்கிறது.

வேலைக்காட்டில் லைன்

இனி சம்பளக் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் செக்ரோல் புத்தகம் கிராணி கையில் இருந்தது. அவர் எழுதியதுதான் எழுத்து. இன்று பல தோட்டங்களில் மண்டோர் கையில் ஒரு கருவி வந்துவிட்டது. காலைப் பெரட்டில் ஆளைப் பதிவு செய்வதும், மேடையில் அடுக்கிய குலைகளை எண்ணிப் போடுவதும் அதில்தான். அது கம்பியில்லாமல் ஆபீஸ் கணினிக்குக் கணக்கை அனுப்பிவிடுகிறது. கணக்கு அன்றைக்கே முடிகிறது, அடித்தல் திருத்தல் இல்லை. நல்லதுதான்.

ஆனால் நான் கண்ட ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். இது வேறொரு தோட்டம். பழம் வெட்டும் ஒரு தோழர் மாதக் கடைசியில் என்னிடம் வந்தார்.

"தலைவரே, நான் வெட்டுன கொலைக்கும் சீட்டுல இருக்கிற கணக்குக்கும் ஒத்து வரல. கேட்டா மெஷின் பொய் சொல்லாதுங்கறாங்க."

விசாரித்தோம். உள்காட்டில் லைன் இல்லாததால் கருவி கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஆபீஸ் பக்கம் வந்த பிறகுதான் அனுப்புமாம். இரண்டு மேடைகளின் கணக்கு அப்படி அனுப்பப்படாமலே போயிருந்தது. நல்ல வேளையாக, அந்தத் தோழரின் மகன் சொல்லிக் கொடுத்தபடி அவர் தினமும் மேடையைத் தன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். நாளும் நேரமும் படத்திலேயே இருந்தன. கணக்குத் திருத்தப்பட்டது. பாக்கிக் காசு வந்தது.

மெஷின் பொய் சொல்லாது, உண்மைதான். ஆனால் மெஷினுக்குச் சொல்லப்படாததை அதனால் எப்படிச் சொல்ல முடியும்? கருவி வரட்டும், வேண்டாம் என்று நாம் தடுக்கவில்லை. ஆனால் அதில் பதிந்த கணக்கு அன்று மாலையே தொழிலாளியின் கைப்பேசிக்கும் வர வேண்டும். முதலாளிக்கு ஒரு பிரதி, தொழிலாளிக்கு ஒரு பிரதி. கூலி விவரச் சீட்டு நம் உரிமை என்றால், அந்தச் சீட்டுக்கு அடிப்படையான அன்றாடக் கணக்கைப் பார்ப்பதும் நம் உரிமையாக வேண்டும். வீட்டில் லைன் இல்லாதவன் தன் கணக்கை எப்படிப் பார்ப்பான்? வீட்டு லைனும் வேலைக்காட்டு லைனும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது உயிர்ப் பிரச்சினை. மட்டை விழுந்தோ, பாம்பு கடித்தோ, கத்தி பட்டோ உள்காட்டில் ஒருவர் விழுந்தால் 999க்கு யார் கூப்பிடுவது? எந்தக் கோபுரத்தின் அலையும் எட்டாத இடத்தில் அந்த எண்ணும் வேலை செய்யாது. ஆள் மோட்டாரில் ஓடி வந்து சொல்வதற்குள் என்னென்ன நடக்கும்! 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் பொறுப்பாக்கியிருக்கிறது. உள்காட்டு டிவிஷனில் அவசரத்துக்குப் பேச ஒரு வழி, வாக்கி-டாக்கியாவது இருக்க வேண்டும் என்று பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆளைப் பதிவு செய்கிற கருவி, ஆள் எங்கே நிற்கிறான், எத்தனை நிமிடம் நிற்கிறான் என்று பார்க்கவும் பயன்படலாம். வெயிலில் ஐந்து நிமிடம் நிழலில் ஒதுங்கியதையும் குற்றமாகக் காட்டலாம். ஆகவே புதுக் கருவி வருவதற்கு முன்பே, எதற்காக, எந்த விவரத்தை எடுக்கிறீர்கள் என்று சங்கத்தின் மூலம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். வந்த பிறகு அழுது பயனில்லை.

நாளைக்கு என்ன வரும்?

ஐந்தாம் தலைமுறை சேவை, அதாவது 5ஜி, 2021 டிசம்பரில் இந்நாட்டில் தொடங்கியது. 2023ல் ஸ்டார்லிங்க் என்ற துணைக்கோள் சேவையும் வந்தது. கோபுரமே இல்லாத இடத்திலும் வானத்தைப் பார்க்கிற ஒரு தட்டு இருந்தால் போதும். ஒரு தனிக் குடும்பத்துக்கு இது கட்டுபடியாகாது. ஒரு மண்டபத்துக்கோ முப்பது வீட்டு லயத்துக்கோ முதலாளி போட்டுக் கொடுக்க முடியாத காரியமல்ல. மருந்து தெளிக்க டிரோன் வந்துவிட்டது. நாளைக்கு அதை ஓட்டப் போகிறவன் யார்? வெளியிலிருந்து வருகிறவனா, நம் லயத்துப் பிள்ளையா? லைன் இல்லாத வீட்டில் வளர்கிற பிள்ளை அந்த வேலைக்கு எப்படிப் போட்டி போடும்?

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு இஞ்சின் ஓடும், பத்து மணிக்கு நிற்கும். அதற்குள் படித்து முடிக்க வேண்டும். அப்போதெல்லாம் "தொழிலாளிக்கு எதற்கு இருபத்து நான்கு மணி நேர மின்சாரம்?" என்று கேட்டவர்கள் உண்டு. இன்று யாராவது அப்படிக் கேட்கத் துணிவார்களா? குழாய்த் தண்ணீர், மின்சாரம், ஆயாக்கொட்டகை, சமூக மண்டபம் எதுவும் தானாக வந்துவிடவில்லை. கேட்டுப் போராடி, 1990ஆம் ஆண்டு 446ஆம் சட்டத்தில் எழுத்தாக வந்தவை அவை. அந்தச் சட்டம் எழுதிய நாளில் இணையம் என்ற சொல்லே நம் மக்களுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு அங்கே இடம் இருக்கவில்லை. இனி இடம் வேண்டும். சட்டத்தில் வர நாளாகலாம். கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக இப்போதே வைக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: உங்கள் லயத்தில் எந்த இடத்தில் லைன் கிடைக்கிறது, எங்கே இல்லை என்று வீடு வீடாக எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். புகார் வெறும் வாயில் இருந்தால் காற்றோடு போய்விடும். தாளில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு: அந்தத் தாளைத் தோட்ட நிர்வாகத்துக்கும், தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். சங்கக் கிளைக்கு ஒரு பிரதி தவறாமல் கொடுங்கள்.

மூன்று: ஆபீஸ் வரை இணையம் வந்திருந்தால், முதலில் மண்டபத்துக்குக் கேளுங்கள். செலவு குறைவு, பயன் எல்லோருக்கும்.

நான்கு: அரசாங்கம் நடத்துகிற இணைய மையத்துக்கு இப்போது நாடி என்று பெயர். ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான். ஆனால் தமிழிலும் அது பொருத்தமான பெயரல்லவா! அங்கே கணினிப் பயிற்சி கிடைக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் தயங்காமல் போக வேண்டும்.

ஐந்து: விழிப்பாக இருங்கள். லைன் வந்தால் கூடவே திருடனும் வருவான். போலீஸ் என்றும், வங்கி என்றும், பரிசு விழுந்தது என்றும் சொல்லி ரகசிய எண் கேட்டால் பேச்சைத் துண்டித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997க்கு அழையுங்கள். 2022ல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பிள்ளைகள் இரவெல்லாம் விளையாட்டில் மூழ்காமல் பார்த்துக்கொள்வதும் பெற்றவர் பொறுப்பு. பத்து மணிக்கு இஞ்சின் நின்ற காலம் போல, பத்து மணிக்கு வைஃபை பெட்டியை நாமே நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

தோழர்களே! அந்தப் பாலத்துக் கட்டைப் பிள்ளை இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். போன மாதம் மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பாட்டி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப கொடை புடிக்க வேண்டியதில்ல தம்பி," என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ராத்திரியில மண்டபத்துல இருந்து லயத்துக்கு இருட்டுல நடக்கணும். வீட்டுலயே வந்துட்டா நல்லாருக்கும்," என்றார்.

பாட்டி சொன்னதுதான் நம் அடுத்த கோரிக்கை. மண்டபம் வரை வந்துவிட்டது. இனி வீட்டு வாசல்தான் பாக்கி. கேட்போம்! எல்லோரும் சேர்ந்து கேட்போம்!